தனியாகப் போன பெண்கள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

அதிபர் அவர்களே, எங்களுக்குக் கற்பித்து இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியைகளே, சங்கத்தின் நிர்வாகக் குழுவினரே, மூத்த ராத்தாமாரே, என் வகுப்புத் தோழிகளே, எனக்குப் பின் வந்த தங்கைமாரே,

"கோலாலம்பூரில் பன்னிரண்டு நாள் தனியாக இருந்தீர்களாமே, அதைப் பற்றிப் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டார். அங்குள்ள இரட்டைக் கோபுரத்தின் உயரம் 452 மீற்றர் என்பதை உங்கள் பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் பேசப்போவது வேறு விடயங்கள்: தேத்தண்ணி வாங்கியது, உடுப்புக் கழுவியது, காசு எடுத்தது, காய்ச்சலுக்கு மருந்து தேடியது. முதுகில் ஒரு பையோடு தனியாகப் போகிறவளுக்குப் பயணத்தின் பெரும்பகுதி இதுதான்.

நம் கரையில் ஒரு பெண் தனியாகப் புறப்படுவது ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? நம் பகுதியில் வீடு பெண்ணுடையது. கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் தன் உம்மா வீட்டை விட்டுப் பெண் வீட்டுக்கு வருவார். ஆண் இடம் மாறுவான், பெண் பிறந்த வளவிலேயே இருப்பாள். இது நமக்குக் கிடைத்த பெரிய பாதுகாப்பு. ஆனால் கல்முனையிலிருந்து கொழும்புக்குப் போவதென்றாலும் "ஆரோடு போறாய்?" என்ற கேள்வி முதலில் வருவதற்கும் அதுவே ஒரு காரணம். ரயில் பாதையும் மட்டக்களப்போடு முடிந்துவிடுகிறது. நமக்கு வாய்த்தது இரவு பஸ்தான். அதிலும் பக்கத்து இருக்கையில் வாப்பாவோ காக்காவோ இருப்பார்.

மஹ்ரம் பற்றிய கேள்வி எனக்கும் வந்தது. உலமாக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு. கேட்டுத் தெளிந்து, வீட்டாரின் சம்மதத்தோடும் துஆவோடும்தான் போனேன். அதை விவாதிக்க இது இடமல்ல. போன பிறகு நடந்தவற்றைச் சொல்கிறேன்.

கோலாலம்பூர் என்ற பெயருக்குச் சேறு கலக்கும் ஆற்றுச் சந்தி என்று பொருள். கிளாங், கொம்பாக் என்ற இரண்டு ஆறுகள் சேரும் அந்த இடத்தில் 1909இல் திறக்கப்பட்ட ஜாமிஆ பள்ளிவாசல் இன்றும் நிற்கிறது. அதன் அருகில்தான் மஸ்ஜித் இந்தியா வீதி. நான் தங்கிய விடுதியும் அங்கிருந்து நடக்கும் தூரத்தில் இருந்தது. பெண்களுக்கு மட்டுமான அறை, ஆறு கட்டில்கள், ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி.

முதல் இரவே ஒரு சிக்கல். நம் வீடுகளில் ரவுண்ட் பின்னும் உண்டு, ஸ்குயர் பின்னும் உண்டு. அங்கே எல்லாம் ஸ்குயர் பின். என் சார்ஜர் சுவரில் ஏறவில்லை. கைத்தொலைபேசி அணைந்தால் வரைபடமும் இல்லை, வீட்டோடு பேச்சும் இல்லை. இரவு ஒன்பது மணிக்குக் கீழே இறங்கிக் கடை தேடினேன். அப்போதுதான் அந்த மொழி எனக்கு அந்நியமில்லை என்று தெரிந்தது. கடைக்கு அவர்கள் சொல்வது "கெடாய்". கப்பலுக்கு "கப்பால்". கட்டிலுக்கு "காட்டில்". குளிர்சாதனப் பெட்டிக்கு "பெத்தி செஜுக்", அதாவது குளிர்ப் பெட்டி. இவையெல்லாம் நம் தமிழ் அங்கே போய்த் தங்கிய சொற்கள். பதிலுக்கு அங்கிருந்து நமக்கு வந்தவையும் உண்டு. நம் சம்பலும் தொதலும் மலாய்க்காரரோடு வந்தவை. அங்கே ஆண்கள் உடுக்கும் கட்டம் போட்ட சாரத்துக்கு "பெலிக்காட்" என்று பெயர். தமிழ்நாட்டுப் பழவேற்காட்டுத் துறையிலிருந்து கப்பலேறிய துணியின் பெயர் அது. மருதமுனைத் தறிகளின் சத்தத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கட்டங்களைப் பார்த்தால் அந்நியமாகத் தோன்றாது.

பிளக் கிடைத்தது. மறுநாள் தேத்தண்ணி. அங்கே "தே" என்று கேட்டால் டின்பால் ஊற்றித் தித்திப்பாகத் தருவார்கள். பால் வேண்டாமென்றால் "தே ஓ". சீனியும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்". கோசோங் என்றால் வெறுமை, பூச்சியம். நம்மில் நீரிழிவு உள்ளவர்கள் இந்த ஒரு சொல்லைப் படித்துக்கொண்டாலே போதும். தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் "மாமாக்" சாப்பாட்டுக் கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். "தங்கச்சி, எந்த ஊரு?" என்று கேட்ட இராமநாதபுரத்துப் பெரியவருக்குக் கல்முனை எங்கே இருக்கிறது என்று மேசையில் விரலால் இலங்கைப் படம் வரைந்து காட்டினேன்.

தொழுகைக்கு அலைய வேண்டியதில்லை. கடைத் தொகுதிகளிலும் ரயில் நிலையங்களிலும் "சுராவ்" என்ற தொழுகை அறை உண்டு. பெண்கள் பகுதியில் தொழுகை உடுப்பும் தொங்கும். விடுதி அறைகளில் கூரையில் கிப்லாவுக்கு அம்புக்குறி இருக்கும். புறநகர் ரயில்களில் 2010 முதல் பெண்களுக்கென்றே தனிப் பெட்டிகள் விட்டிருக்கிறார்கள். ஒரு நகரம் தனியாக வரும் பெண்ணை மனதில் வைத்திருக்கிறதா என்பதை இப்படியான சிறிய ஏற்பாடுகளில்தான் காணலாம்.

நான்காம் நாள் காசு. என் வங்கி அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை. வெளிநாடு போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் போயிருந்தேன். இருந்தும் அட்டையை நிறுத்திவிட்டார்கள். திறக்க வேண்டுமானால் பதிவுசெய்த இலக்கத்துக்கு ஒரு குறியீடு வரவேண்டும். என் கைத்தொலைபேசியில் இரண்டு சிம் போடலாம் என்பதால் இலங்கை சிம்மைக் கழற்றாமல், குறுஞ்செய்திக்கு மட்டும் ரோமிங் போட்டு வைத்திருந்தேன். குறியீடு வந்தது. இரண்டு நாளில் அட்டை திறந்தது. அந்த இரண்டு நாளும் பையின் அடியில் தனியாகத் தைத்து வைத்த காசில் ஓடியது. பயணக் காசை ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது உம்மாவின் பாடம். சந்தைக்குப் போகும்போதே அவர் அப்படித்தான் செய்வார்.

ஆறாம் நாள் மழை. அங்கே பிற்பகலில் இடியோடு கொட்டும். பை முழுதும் நனைந்து கைத்தொலைபேசி செத்துவிட்டது. விடுதியின் முகவரியும் வீட்டு இலக்கமும் எங்கள் உயர்ஸ்தானிகராலயத்தின் இலக்கமும் ஒரு காகிதத்தில் எழுதிப் பொலித்தீனில் சுற்றி என்னிடம் இருந்தன. காகிதத்தைக் காட்டியதும் ஒரு சீனப் பெண்மணி தன் புத்தகக் கடையைப் பாதி மூடிவிட்டு என்னை ரயில் நிலையம் வரை நடத்திக் கூட்டிப்போனார். எங்களிருவருக்கும் பொதுவாக இருந்தவை பத்துச் சொற்கள்தான்.

அதற்கடுத்த இரவு காய்ச்சல். பயந்தேன், மறைக்கவில்லை. ஆறு கட்டில் அறையில், ஆரும் தெரியாத ஊரில் உடம்பு கொதிப்பது தனிமையின் முழுப் பொருளையும் சொல்லிவிடும். காலையில் "கிளினிக்" பலகை தேடிப் போய் "டெமாம்" என்றேன். காய்ச்சல் என்று அர்த்தம். வைத்தியர் கடவுச்சீட்டைப் பார்த்தார், டெங்கு இருக்கிறதா என்று இரத்தம் எடுத்தார். இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வீட்டுக்குச் சொன்னபோது உம்மா அழவில்லை. "கஞ்சி கிடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். கிடைத்தது. அங்கே அதற்கு "புபூர்" என்று பெயர்.

காய்ச்சல் விட்டதும் உடுப்புக் கழுவப் போனேன். "டோபி" என்று பலகை போட்ட, காசு போட்டால் சுழலும் இயந்திரக் கடை. அங்கே ஓர் இந்தோனேசியப் பெண், ஐம்பது வயது மதிக்கலாம், பெரிய வீட்டுத் திரைச்சீலைகளைக் கழுவக் கொண்டுவந்திருந்தார். வீட்டு வேலை செய்பவர். "செண்டிரி?" என்று என்னைக் கேட்டார். தனியாகவா என்பது அதன் பொருள். ஆம் என்று தலையாட்டினேன். "பெரானி" என்றார். துணிச்சல்காரி என்று அர்த்தம்.

பிறகு அவர் தன் கதையைச் சொன்னார். அவருக்கு ஜித்தாவில் பழகிய கொஞ்ச அரபு, எனக்கு மத்ரஸா அரபு, மிச்சம் கை. ஜாவாவிலிருந்து இளவயதில் ஜித்தாவுக்குத் தனியாகப் போனவர். பிறகு மலேசியா. கடவுச்சீட்டு எசமானின் அலுமாரியில். அவர் என்னைத் துணிச்சல்காரி என்கிறார்! திரும்பிப் போக டிக்கெட்டும், எனது பெயரில் வங்கி அட்டையும், என் கையிலேயே கடவுச்சீட்டும் உள்ள என்னை.

அந்தக் கடையில் இருந்தபடி நான் நினைத்தது நம் ஊர்ப் பெண்களை. தோழிகளே, நம் கரையிலிருந்து தனியாகப் புறப்பட்ட முதல் பெண் நானல்ல. 1980கள் முதல் குவைத்துக்கும் சவூதிக்கும் டுபாய்க்கும் கட்டாருக்கும் வீட்டு வேலைக்குப் போன நம் ராத்தாமாரும் மாமிமாரும்தான் அந்தப் பயணிகள். முதல் தரம் விமானத்தைப் பார்த்த நாளிலேயே அதில் ஏறினார்கள். சாப்பாட்டுக்கு, மருந்துக்கு, காசு அனுப்புவதற்கு, கடிதம் போடுவதற்கு, எல்லாவற்றுக்கும் தெரியாத மொழியில் தாங்களே சொல் தேடினார்கள். அவர்களை ஆரும் மேடையில் அழைத்துப் பயண அனுபவம் கேட்கவில்லை. உம்மா வெளிநாட்டிலிருக்க மூத்தம்மாவிடம் வளர்ந்து, அந்தக் காசில் வெள்ளைச் சீருடை தைத்து, இந்தக் கல்லூரியில் படித்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள்.

எல்லாருக்கும் திரும்பி வர வாய்க்கவில்லை. மூதூரிலிருந்து 2005இல் சவூதிக்குப் போன ரிசானா நபீக்கை நாம் மறக்கவில்லை. 1988இல் பிறந்த அந்தப் பிள்ளையின் கடவுச்சீட்டில் 1982 என்று இருந்தது. பராமரித்த கைக்குழந்தை இறந்தபோது அவருக்கு வயது பதினேழு. முறையான மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் எடுக்கப்பட்ட வாக்குமூலத்தைப் பின்னர் அவர் மறுத்தார். 2013 ஜனவரி 9ஆம் திகதி மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதும், தன் பக்கத்தைச் சொல்ல மொழி இருக்கிறதா என்பதும் ஓர் உயிரின் விடயமாகலாம்.

அதே 2013இல், வீட்டு வேலைக்குப் போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கும் சுற்றறிக்கை வந்தது. அவள் வீட்டில் எத்தனை பிள்ளைகள், யார் பார்ப்பார்கள் என்று கேட்டார்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பயிற்சியும் கொடுக்கிறது. ஆனால் அது புறப்படும் தறுவாயில் கிடைப்பது. பதினாறு வயதில் பள்ளிக்கூடத்தில் கிடைக்க வேண்டியது அது.

எனவே சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். கட்டிட நிதிக்குத் தருகிறோம், தருவோம். அதோடு வருடத்துக்கு ஒரு பின்நேரம், ஓ.எல். முடித்த பிள்ளைகளுக்கு ஒரு வகுப்பு வைப்போம். பெரிதாக ஒன்றும் வேண்டாம். கடவுச்சீட்டின் ஒவ்வொரு வரியையும் வாசிக்கப் பழக்குவோம், பிறந்த திகதி சரியா என்பது உட்பட. அதன் பிரதி இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். ஒப்பந்தமோ விண்ணப்பமோ வாசிக்காமல் கையொப்பம் இல்லை. தன் பெயரில் கணக்கு. போகும் ஊரின் முப்பது சொற்கள்: காய்ச்சல், தண்ணீர், எவ்வளவு, எங்கே, உதவி, வேண்டாம். வீட்டு இலக்கமும், பணியகத்தின் 1989 என்ற இலக்கமும் மனப்பாடம். பல்கலைக்கழகத்துக்குப் பேராதனை போகும் பிள்ளைக்கும், அவுஸ்திரேலியாவுக்குக் கணவனோடு போகும் பிள்ளைக்கும், குவைத்துக்கு உழைக்கப் போகும் பிள்ளைக்கும் இதே பாடந்தான்.

அந்த வகுப்பை நடத்த என்னைக் கூப்பிட வேண்டாம். நான் பன்னிரண்டு நாள் இருந்தவள். பன்னிரண்டு வருடம் இருந்தவர்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள். சிலர் இந்தக் கல்லூரியில் எட்டாம் வகுப்போடு நின்றவர்கள். அதனால் நம் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அவர்களும் நம் பழைய மாணவிகள்தான். இந்த நூற்றாண்டு வருடத்தில் அவர்களின் வீடுகளுக்குப் போய், அழைப்பிதழ் கொடுத்து, வளவாளர்களாக இந்த மேடைக்குக் கூட்டி வருவோம். அவர்கள் பேசட்டும், நாம் முன்வரிசையில் இருந்து கேட்போம்.