இளைஞர் கையில் ஒரு மனநலக் கையேடு

(யூபிலி விழா இளைஞர் கூட்டத்தில் பங்கு இளைஞர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



யூபிலியின் நினைவாகக் கொடிமரத்தைப் புதுப்பித்தோம். மணிக்கூண்டுக்கு வர்ணம் பூசினோம். அவற்றோடு, உள்ளம் சோர்ந்த இளைஞர் யாரை நாடுவது என்று கூறும் சிறு கையேடு ஒன்றையும் ஆயத்தம் செய்து வருகிறோம். "கோயிலில் கொடுக்கவேண்டிய புத்தகமா இது?" என்று பெரியவர்கள் சிலர் கேட்டார்கள். விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம்.

மனநலக் கோளாறுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்குள்ளேயே தலைகாட்டுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். 14 வயது என்றால் நம் மறைக்கல்வி வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளைதான்!

முதலில் எழுதிய படியை அந்தப் பிள்ளைகளிடமே வாசிக்கக் கொடுத்தோம். 'மன அழுத்தம்', 'பதற்றக் கோளாறு' என்ற சொற்களை அவர்கள் தாண்டிப் போய்விட்டார்கள். "ராத்திரி தூக்கம் வரல, யாரோடயும் பேசப் பிடிக்கல" என்ற வரியில்தான் விரல் நின்றது. ஆகவே அவர்கள் பேச்சிலேயே திருத்தி எழுதினோம்.

கோயில் முகப்பில் அடுக்கி வைக்கலாமா என்றால், பலர் பார்க்க ஒரு பிள்ளை அதை எடுக்குமா? எடுக்காது. எனவே சட்டைப் பைக்குள் அடங்கும் மடிப்புத் தாளாக, மறைக்கல்விப் புத்தகத்தினுள் வைத்து எல்லோருக்கும் ஒன்றுபோல் கொடுக்கப் போகிறோம்.

தற்கொலை என்ற சொல்லை அச்சிடலாமா என்பதில்தான் குழுவில் பெரும் வாக்குவாதம். சொன்னால் எண்ணம் தூண்டப்படும் என்றனர் சிலர். பரிவோடு நேரே கேட்பது தூண்டுவதில்லை, பாரத்தை இறக்கிவைக்க வழி செய்கிறது என்பதே மருத்துவர் கருத்து. அச்சிடுகிறோம்.

இன்னொரு காரணமும் உண்டு. 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், தெரிந்தே தம் உயிரை மாய்த்துக் கொண்டோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே பிள்ளையைப் புதைத்த குடும்பங்களின் கண்ணீரை மூத்தோர் அறிவர். 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை. கடும் மனக்கலக்கம் பொறுப்பைக் குறைக்கிறது, அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்று 1992-இல் வெளிவந்த மறைக்கல்வி ஏடும் போதிக்கிறது. ஆயினும் 'சாபம்' என்ற பேச்சு நம் தெருவில் இன்னும் ஓயவில்லை. அந்தப் பேச்சுக்கு அஞ்சியே, உதவி கேட்கவேண்டிய வீடு கதவைச் சாத்திக் கொள்கிறது.

எலியா இறைவாக்கினர் சூரைச் செடியடியில் சாவை வேண்டிப் படுத்தார் அல்லவா? வானதூதர் அவரைக் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் கொடுத்தார், மறுபடியும் தூங்கவிட்டார். பெற்றோருக்கான பக்கத்தில் இதைச் சேர்த்திருக்கிறோம். (பரீட்சை முடிவு வரும் நாளில் அதை ஒருமுறை வாசித்தால் நல்லது!)

கடைசிப் பக்கத்தில், 2022-இல் தொடங்கப்பட்ட அரசின் 'டெலி மானஸ்' எண் 14416. இரவுபகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். சென்னையில் 1986 முதல் இப்பணியாற்றும் 'ஸ்நேகா' நிறுவனத்தின் பெயரும் உண்டு. ஜெபமும் ஒப்புரவும் மருத்துவத்துக்கு மாற்று அல்ல என்று தெளிவாகவே எழுதியிருக்கிறோம்; பங்குத்தந்தை அவர்களும் இசைவு தந்திருக்கிறார்கள்.

அச்சுக்குப் போகுமுன் பெற்றோர் பக்கத்தை வாசித்துக் குறை கூற ஐந்தாறு தாய்மார் தேவை. அடுத்த ஞாயிறு இரண்டாம் பூசைக்குப்பின் மறைக்கல்வி அறையில் காத்திருப்போம்.