நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சொல்



மனிதன் நாள் முழுவதும் தன்னோடு தானே பேசிக்கொண்டிருக்கிறான். வாய் மூடியிருக்கும்போதும் அந்தப் பேச்சு நிற்பதில்லை. விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரையில் இறங்கும் பால்வெட்டுத் தொழிலாளி, "மழை வருவதற்குள் முடித்துவிடலாம்" என்று தமக்குள் சொல்லிக்கொள்கிறார். கணக்குத் தாளைக் கண்டதும் நான்காம் ஆண்டு மாணவன், "இது எனக்கு வராது" என்று தனக்குள் சொல்லிக்கொள்கிறான். அந்தச் சொல் அவரை அடுத்த மரத்துக்கு நடத்துகிறது. இந்தச் சொல் இவனைப் பென்சிலைக் கீழே வைக்கச் செய்கிறது. இப்படி நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சொற்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நல்ல சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டால் மனம் ஒருமைப்படும், வேலை ஓடும் என்று பலரும் சொல்கிறார்கள். எம்.எஸ். உதயமூர்த்தி எழுதிய 'எண்ணங்கள்' போன்ற நூல்கள் தமிழ் வாசகர்கள் நன்கு அறிந்தவை. நம் பிள்ளைகளுக்குத் தன்முனைப்பு முகாம்களும் நடக்கின்றன. மண்டபம் அதிர "என்னால் முடியும்" என்று முழங்கிவிட்டு வருகிற பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாங்கள் திங்கட்கிழமை வகுப்பில் பார்க்கிறோம். இரண்டு நாள் முகத்தில் ஒளி இருக்கும். புதன்கிழமை வீட்டுப்பாடம் பழையபடி வராது. சில பிள்ளைகள் முன்னைவிடச் சோர்ந்தும் போகிறார்கள். கட்டணம் கட்டிய பெற்றோர் எங்களிடம் காரணம் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

இந்த முறை புதிதன்று. பிரான்சு நாட்டில் எமில் குவே என்றொரு மருந்துக் கடைக்காரர் இருந்தார். 1857இல் பிறந்தவர். மருந்துப் புட்டியைக் கொடுக்கும்போது, "இது நன்றாகக் கேட்கும்" என்று இரண்டு வார்த்தை சேர்த்துச் சொன்னால், அதே மருந்து கூடுதலாகக் குணம் தருவதை அவர் கவனித்தார். பிறகு நான்சி நகரில் நோயாளிகளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். நாளுக்கு நாள் தாம் தேறி வருவதாகக் கூறும் ஒரு சிறு வாக்கியத்தைக் காலையிலும் இரவிலும் 20 தடவை முணுமுணுக்க வேண்டும். எண்ணிக்கை தவறாதிருக்க 20 முடிச்சுப் போட்ட ஒரு கயிறு! செபமாலை உருட்டும் நம் பாட்டிமாருக்கு இது புதுமையாகத் தோன்றாது. 1926இல் அவர் மறைவதற்குள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அவர் பெயர் பரவிவிட்டது.

ஆனால் இந்தப் பழக்கத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. கனடாவில் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோஆன் வூட் என்ற உளவியல் அறிஞரும் அவருடைய துணைவர்களும் 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். தம்மைப் பற்றித் தாமே உயர்வாகக் கூறும் ஒரு வாக்கியத்தைச் சிலரைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தார்கள். ஏற்கெனவே தன்மதிப்பு உள்ளவர்களுக்கு அது சற்றே நன்மை செய்தது. தம்மைத் தாழ்வாக எண்ணியவர்களோ, அதைச் சொல்லாத தம்மைப் போன்றவர்களைவிடச் சோர்ந்து போனார்கள். காரணம் விளங்கக்கூடியதே. நம்ப முடியாத ஒன்றை வாய் சொல்லும்போது, உள்ளிருந்து ஒரு குரல், "பொய்! போன பரீட்சையில் நீ எத்தனை வாங்கினாய்?" என்று கேட்கிறது. யாருக்கு ஊக்கம் அதிகம் தேவையோ, அவருக்கே இது தீங்காகிறது. ஆகவே பின்தங்கிய பிள்ளையைப் பிடித்து, "நான்தான் முதல் மாணவன் என்று தினமும் 10 தடவை சொல்" என்று கட்டாயப்படுத்தாதீர்கள்.

அப்படியானால் எப்படிப்பட்ட சொல் பலிக்கும்? இதற்கு விடை தேட நாம் வெளிநாடு போக வேண்டியதில்லை. நம் தோட்டப்புறத்து வரலாற்றிலேயே இருக்கிறது.

1950ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் தோட்டத் துண்டாடல் நடந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள். வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைச் சிறு சிறு துண்டுகளாக்கி மறுபடி விற்றார்கள். வேலையும் போய், லயத்து வீடும் போய், குடும்பம் குடும்பமாக நம்மவர்கள் சாலைக்கு வந்தார்கள். அந்த வேளையில் அமைச்சராகவும் ம.இ.கா. தலைவராகவும் இருந்த துன் வீ.தி. சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டத்தை வாங்கலாம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. அவர் தோட்டம் தோட்டமாகச் சென்று ஆள் சேர்த்தார்.

"தோட்டத்துக்கு நாமே முதலாளி" என்பது அன்றைக்கு எப்பேர்ப்பட்ட சொல்! பெரட்டில் பேர் கொடுத்து, கங்காணிக்கும் கிராணிக்கும் பயந்து, தலைமுறை தலைமுறையாகக் கைகட்டி நின்ற மக்கள் அதை எப்படி நம்புவார்கள்? வெறுமனே கைதட்டச் சொல்லியிருந்தால் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஆனால் அந்தச் சொல்லோடு ஒரு செயலும் சேர்ந்தே வந்தது. பங்கு 100 வெள்ளி. மாதம் 10 வெள்ளியாகக் கட்டலாம். அன்றைய கூலிக்கு 10 வெள்ளி சில நாள் வேலை. கஷ்டந்தான், ஆனால் செய்யக்கூடியது. முதல் மாதம் 10 வெள்ளி கட்டியவருக்கு அந்தச் சொல்லில் பத்தில் ஒரு பங்கு உண்மையாகிவிட்டது. இரண்டாம் மாதம் பத்தில் இரண்டு. 1961இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் முதல் தோட்டமாயிற்று.

எல்லாத் தோட்டங்களும் அதனால் காப்பாற்றப்பட்டன என்று நாங்கள் சொல்ல வரவில்லை. சுபாங் ஜெயா நிற்பதே பழைய சீபீல்ட் தோட்டத்து நிலத்தில்தான். நம்மில் பலர் இன்று கிள்ளானிலும் பூச்சோங்கிலும் அடுக்குமாடி வீடுகளில் இருந்துகொண்டு இந்தப் பேச்சைக் கேட்கிறீர்கள். பிரிக்பீல்ட்ஸில் சம்பந்தனார் பெயர் தாங்கிய சாலையில் நடக்கும் இளையோருக்கு அந்த 10 வெள்ளிக் கதை தெரியுமோ என்னவோ! பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சொல்லோடு செயலைக் கட்டுவது என்பதை ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்கிறது. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியல் அறிஞர் 1997இல் பிராண்ட்ஸ்டாட்டருடன் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு இது. கிறிஸ்மஸ் விடுமுறையில் ஒரு கட்டுரை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். பாதிப் பேர், எந்த நேரத்தில், எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப் போகிறோம் என்பதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் குறித்த காலத்துக்குள் முடித்தார்கள். அப்படி எழுதிக் கொடுக்காதவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே முடித்தார்கள். எழுத வேண்டும் என்ற எண்ணம் எல்லாரிடமும் இருந்தது. நேரமும் இடமும் சேர்ந்த வாக்கியம்தான் சிலரிடம் இல்லை.

எனவே, "நான் நன்றாகப் படிப்பேன்" என்பதைவிட, "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்கார்ந்து மூன்று கணக்குப் போடுவேன்" என்பது மேல். தட்டைக் கழுவும்போதே கணக்கு ஞாபகத்துக்கு வந்துவிடும். பெரியவர்களுக்கும் இதே வழிதான். "இனி மிச்சம் பிடிப்பேன்" என்று சொல்லும் தகப்பனார், "சம்பளம் கைக்கு வந்த அன்றைக்கே, கடைக்குப் போகுமுன் 50 வெள்ளியைப் போட்டுவிடுவேன்" என்று சொல்லிக்கொள்ளட்டும்.

இங்கே தாய்மார்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை தனக்குள் பேசும் பேச்சு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் நம் வாயிலிருந்துதான். பள்ளிக்கு வரும் தாயார், பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே, "இவனுக்குக் கணக்கு வராதுங்க டீச்சர், இவங்க அப்பா மாதிரி" என்கிறார். அன்போடுதான் சொல்கிறார்; சிரித்துக்கொண்டே சொல்கிறார். பையன் தலையைக் குனிந்துகொண்டு அதைக் கேட்டு வைத்துக்கொள்கிறான். "ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரலைங்க" என்று சொல்லிப் பாருங்கள். எது வரவில்லை என்பதும் தெரிகிறது, வரும் என்பதும் அதிலே இருக்கிறது.

அளவுக்கு மீறிய புகழ்ச்சியும் வேண்டாம். 1998இல் அமெரிக்காவில் முல்லர், டுவெக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், "நீ கெட்டிக்காரன்" என்று புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்துச் சுலபமான புதிரையே விரும்பினார்கள். "நன்றாக உழைத்தாய்" என்று பாராட்டப்பட்டவர்கள் கடினமானதைத் துணிந்து எடுத்தார்கள். கெட்டிக்காரப் பட்டம் பறிபோய்விடுமே என்ற பயம் முதல் கூட்டத்துக்கு!

கவனம் சிதறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைப்பேசி கூவுகிறது, பக்கத்து வீட்டில் தொலைக்காட்சி. மனம் ஓடத்தான் செய்யும். நானூறு, ஐந்நூறு மரம் வெட்டுபவர் மொத்தத்தையும் நினைத்தால் உளி பட்டையில் ஆழ இறங்கி மரத்தைக் காயப்படுத்திவிடும். முன்னால் நிற்கும் ஒரு மரத்தைத்தான் பார்ப்பார். பிள்ளையும் மனம் ஓடியதும் தன்னைத் திட்டிக்கொள்ளாமல், "இந்த ஒரு கணக்கு" என்று சொல்லிக்கொண்டு திரும்பட்டும். தன் பெயரைச் சொல்லியே தன்னை அழைக்கலாம். வேலையின் நடுவில், "ஏய் மாரி, பார்த்து வெட்டு" என்று தம் பெயர் சொல்லித் தம்மையே அதட்டிக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். படபடப்பான நேரத்தில் அது மனத்தை நிதானப்படுத்தும் என்று ஈத்தன் கிராஸ் என்ற அமெரிக்க அறிஞர் 2014இல் காட்டியிருக்கிறார்.

இன்றிரவே தொடங்கலாம். ஒரு தாளில் பிள்ளை தன் கையாலேயே அந்த வாக்கியத்தை எழுதட்டும். நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள். மேசை அருகே ஒட்டி, செய்து முடித்த நாளுக்கு ஒரு கோடு போடட்டும். மூன்று நாள் தொடர்ந்து கோடு விழவில்லையா? திட்ட வேண்டாம். மூன்று கணக்கை ஒன்றாகக் குறைத்துப் புதிதாக எழுதச் சொல்லுங்கள். பாட்டிக்கு எழுத்துத் தெரியாவிட்டால் பிள்ளையே வாசித்துக் காட்டட்டும். மறுநாள் வெற்றிலை இடித்துக்கொண்டே, "என்னடா, கோடு போட்டியா?" என்று அவர் கேட்டால் போதும்.