ஜமீன் போனது, கரையை யார் காப்பது?



காலம் முடிந்துபோன ஓர் அமைப்பைக் கலைக்க வேண்டும் என்கிறோம். சரிதான். ஆனால் அது பார்த்துவந்த வேலையை இனி யார் பார்ப்பது? வங்காளத்தில் நடந்த ஓர் உண்மைக் கதையைச் சொல்கிறேன்.

மேற்கு வங்காளத்தின் தெற்குக் கோடியில், கடலோரம் சுந்தரவனம் இருக்கிறது. புலிகள் வாழும் காடு அது. அங்கே 54 தீவுகளில் மக்களும் வாழ்கிறார்கள். ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன்தார்கள் இந்தத் தீவுகளைக் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏழைகள் வந்து காட்டை வெட்டி வயலாக்கினார்கள்.

அங்கே ஆறுகளில் கடல்நீர் தினமும் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏறும்போது பல இடங்களில் வயலைவிட ஆறு உயரமாக நிற்கும். அதைத் தடுப்பது தீவைச் சுற்றிய மண்கரைதான். அதில் நண்டு வளை தோண்டினாலும் ஆபத்து. கரை உடைந்தால் உப்புநீர் புகும். நெல் கருகும். குளத்து நீரைக் குடிக்க முடியாது.

கரையைப் பராமரிப்பது ஜமீன்தாரின் பொறுப்பு. மண் சுமந்தது ஏழை மக்கள். கரை நின்றால்தான் ஜமீன்தாருக்கு வரி வரும். அதனால் அவர் கரையைக் கவனித்தார். மக்கள் மேல் இரக்கம் வைத்து அல்ல.

1953-இல் மேற்கு வங்காளத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது நல்ல சட்டம். உழுகிறவனை உறிஞ்சிய முறை ஒழிய வேண்டியதுதான். ஜமீன் கலைந்தது. ஆனால் ஆறு கலையவில்லை! கடல்நீர் அன்றும் இரண்டு முறை ஏறியது.

கரைகள் அரசின் பாசனத் துறைக்கு வந்தன. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் கரை! அலுவலகமோ தூரத்தில். கரையில் ஓட்டை விழுந்தால் யாரிடம் சொல்வது? யார் அடைப்பது? பழைய பொறுப்பாளி போய்விட்டார். ஊர் மக்கள் கையில் பொறுப்பும் இல்லை, பணமும் இல்லை.

2009 மே 25-ஆம் நாள் அய்லா புயல் அடித்தது. பல நூறு கிலோமீட்டர் கரை சேதமானது. வயல்கள் உப்பாகின. பலர் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள். பிறகு 778 கிலோமீட்டர் கரையைக் கட்ட 5,032 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. கரைக்கு நிலம் வேண்டுமே! நிலம் எடுப்பதில் சிக்கல். வேலை தேங்கியது. 2020-இல் ஆம்பன் புயலிலும் கரைகள் உடைந்தன.

நண்பர்களே, ஜமீனைக் கலைத்தது தவறா? இல்லை. கலைத்தபோது, கரையின் அருகில் இருப்பவருக்குப் பொறுப்பும் பணமும் சேர்ந்து வரவில்லை. அதுதான் குறை.

நம் ஊரில் ஒரு பழைய சங்கத்தையோ குழுவையோ கலைக்கப் போகிறார்களா? கிராம சபையில் எழுந்து நான்கு கேள்வி கேளுங்கள்.

1. இதன் வேலையை இனி யார் செய்வார்?

2. அதற்குப் பணம் எங்கிருந்து வரும்?

3. மீதிப் பணம், நிலம், மதகு, பத்திரம் யாரிடம் போகும்?

4. இதெல்லாம் எழுத்தில் இருக்கிறதா?

எழுதியதைப் படித்துப் பாருங்கள். பிறகு கையெழுத்துப் போடுங்கள். பதில் வரவில்லையா? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி அரசு அலுவலகத்தில் மனுப் போட்டுக் கேட்கலாம்.

முன்பு பிறர் படித்துச் சொன்னதை நம்பினோம். இன்று நாமே படிக்கிறோம். அந்தப் படிப்பு நம் ஊர்க் கரையைக் காக்கட்டும்.