சோழிகளால் ஓடிய நிரல்

இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே,

வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளில் அறிவுள்ள உயிர்கள் இருந்து, அவையும் கணினி நிரல் எழுதினால் அது எப்படி இருக்கும்? கதாசிரியர்களுக்கு உரிய கேள்வி போலத் தோன்றினாலும், சான்று வைத்து வாதிடக்கூடிய கேள்வி இது என்பது என் கருத்து. அந்தச் சான்று நம் அருகிலேயே இருக்கிறது. பௌர்ணமிதோறும் கிரிவலத்துக்கு உகந்த நேரம் என்று அறிவிக்கிறார்களே, அந்தத் திதியைப் பஞ்சாங்கத்தில் கணித்துச் சொல்வதற்குப் பின்னால் ஒரு நிரல் இருக்கிறது. கணினி தோன்றுவதற்குப் பல நூறாண்டுகளுக்கு முன்பே அது இங்கே ஓடிக்கொண்டிருந்தது.

அதை ஓர் அந்நியர் பார்த்த பதிவும் நம்மிடம் உண்டு. 1825-இல் சென்னையில் வெளியான ‘காலசங்கலித’ நூலில் ஜான் வாரன், புதுச்சேரியில் தாம் கண்ட பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அந்தக் கணிதரிடம் ஏடு இல்லை, எழுதுகோல் இல்லை. தரையில் சோழிகளைப் பரப்பி நகர்த்தினார். வேண்டிய எண்களெல்லாம் வாக்கியங்களாக அவர் மனத்தில் இருந்தன. எழுத்துக்கு ஓர் எண் என்ற முறையில் அமைந்த வாக்கியங்கள் அவை. கோட்பாடு அவருக்குத் தெரியாது என்கிறார் வாரன். ஆனாலும் அவ்வாண்டு மே 31 இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும்தான் பிழை. அவர் செய்தது என்ன? தொடக்க நாளிலிருந்து கடந்த நாட்களை எண்ணி, அதிலிருந்து 12,372-ஐயும், பிறகு 3,031-ஐயும், பிறகு 248-ஐயும் முடிந்த மட்டும் கழிக்க வேண்டும். எஞ்சும் எண்ணே எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்று காட்டும். அந்த வாக்கியம் தரும் அளவோடு, கழித்த சுற்றுகளுக்கு உரிய அளவுகளையும் கூட்டினால் சந்திரன் நிற்கும் இடம் கிடைக்கும். வகுத்து மீதியைக் கொண்டு அட்டவணையில் தேடும் இந்த வேலைக்கான நிரலை நீங்கள் முதலாண்டிலேயே எழுதியிருப்பீர்கள்.

இனி 248 ஏன் என்று கேளுங்கள். சந்திரன் பூமிக்கு மிக அருகில் வந்து, மீண்டும் அதே அண்மைக்கு வர ஏறக்குறைய 27.55 நாள் ஆகிறது. ஒன்பது சுற்றுக்கு 248 நாளில் 13 நிமிடமே குறைவு. 110 சுற்றுக்கு 3,031 நாள் என்று கொண்டால் ஒரு நிமிடம்கூடப் பிசகாது. இந்த எண்களை யாரும் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. அவை நிலவின் போக்கிலேயே இருக்கின்றன. 1952-இல் கணித வரலாற்றறிஞர் ஓட்டோ நொய்கெபவர் வாரனின் குறிப்பிலிருந்து இம்முறையை விளக்க முடிந்ததும் அதனால்தான். பாபிலோனியக் களிமண் பலகைகளில் 248-ஐ அவர் ஏற்கெனவே சந்தித்திருந்தார்.

அப்படியானால் இது பாபிலோனிலிருந்து கைமாறி வந்ததாக இருக்கலாமே, இதை வைத்து எப்படிப் பொதுவிதி சொல்வது என்று நீங்கள் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. பழைய உலகத்தோடு தொடர்பே இல்லாதிருந்த மாயர்களைப் பாருங்கள். இருபதின் அடுக்கில் எண்ணியவர்கள் அவர்கள். அவர்களுடைய டிரெஸ்டன் சுவடியின் கிரகண அட்டவணை 405 சந்திர மாதங்களை 11,960 நாட்களில் அடக்குகிறது. மெய்யான அளவிலிருந்து விலகல் மூன்று மணி நேரத்துக்கும் குறைவு. எண்முறை வேறு, தெய்வங்கள் வேறு. சுற்றுகளைக் கண்டு, அட்டவணையாக்கி, பிழையைச் சிறிதாக்கும் வழி மட்டும் ஒன்றே.

மாயரும் மனிதர்தானே என்ற மறுப்பு இதைவிட வலுவானது. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். கணக்கின் கருவைப் பொருள் தீர்மானிக்கிறது. நிரலின் வடிவத்தையோ, எது மலிவு, எது அரிது என்பது தீர்மானிக்கிறது. மனப்பாடம் எளிதாகவும் ஓலையில் கணக்குப் போடுவது சிரமமாகவும் இருந்த இடத்தில் வாக்கியங்கள் பிறந்தன. நாம் வரிவரியாக நிரல் எழுதுகிறோம். ஒரே வாயால் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசும் உயிர்கள் நாம் என்பதே அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கணவாயின் உறவான எண்காலிக்கு நரம்பணுக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கைகளிலேயே இருக்கிறது. அத்தகைய உடல் கொண்ட அறிவுயிரின் நிரலில் முதல் வரி என்று ஒன்று இருக்க வேண்டிய அவசியம் என்ன? எதையும் மறக்காத உயிர் கோப்பு என்ற ஒன்றை உருவாக்கியிருக்குமா? அந்த நிரலின் தோற்றம் நமக்கு முற்றிலும் பிடிபடாமல் போகலாம். ஆனால் அந்த உயிருக்கும் ஒரு நிலவு இருந்து, அதன் மறைப்பை அது கணித்தால், அந்த நிலவின் சுற்று எண் உள்ளே எங்கோ இருந்தே தீரும்.

இது உங்கள் வேலைக்கு நேராகத் தொடர்புடையது. நரம்புவலை மாதிரிகளின் உள்ளே இருக்கும் கோடிக்கணக்கான எண்களை எந்த மனிதரும் எழுதவில்லை. புதுச்சேரிக் கணிதரைப் போலவே அவையும் காரணம் சொல்லாமல் விடை தருகின்றன. அவற்றை வரிவரியாகப் படித்துப் பயனில்லை. நொய்கெபவர் செய்தது போல, பொருளின் பக்கமிருந்து நுழைந்து படிக்க வேண்டும். பழகிப் பார்க்க நல்ல பாடம் ஒன்று கையருகே இருக்கிறது. குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்த, இந்த வாக்கிய முறையை விளக்கும் ‘வாக்யகரணம்’ 1962-இல் சென்னையில் அச்சேறியது. அதை நிரலாக்கி இந்த ஆண்டின் பௌர்ணமிகளைக் கணியுங்கள். திருக்கணிதப் பஞ்சாங்கத்தோடு அது வேறுபடும். எத்தனை நாழிகை வேறுபடுகிறது, அந்த வேறுபாடு எந்தப் படியில் நுழைகிறது என்பதைக் கண்டுபிடித்து எழுதி, உங்கள் துறைக்கு அனுப்பி வையுங்கள்.