கொட்டாத குளவி
(மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரை)



குளவி என்றாலே நமக்குப் பயம். கூடு கலைந்தால் கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு ஓடவேண்டியதுதான். நான் இன்றைக்குச் சொல்லப்போவது வேறு குளவி. கொசு மாதிரி மெலிந்தது. நம்மைக் கொட்டாது.

விஞ்ஞானப் புத்தகத்தில் உணவுச் சங்கிலி என்று ஒரு பாடம் இருக்கிறது. புல், முயல், நரி என்று பிள்ளைகள் மனப்பாடம் பண்ணுறாங்க. அவ்வளவு தூரம் போகவேண்டாம், லயத்துக்கு மேலே இருக்கிற தேயிலை மலையே போதும். செடி வெயிலையும் தண்ணீரையும் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் கொண்டு தன் சாப்பாட்டைத் தானே தயாரிக்கிறது. இதுதான் ஒளித்தொகுப்பு. ஆகவே செடி உற்பத்தியாக்கி. இலையை நூலால் ஒட்டிச் சுருட்டி, உள்ளே இருந்து தின்கிற புழு முதல் நுகரி. கொழுந்து எடுக்கிற அம்மாமார் இதைப் பிரித்துப் பார்த்திருப்பீங்க.

ஒரு காலத்தில் இந்தப் புழு இலங்கைத் தேயிலையைப் பெரிதாக நாசம் செய்தது. 1935, 36ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து நம்முடைய சின்னக் குளவியைக் கொண்டுவந்து மலைகளில் விட்டார்கள். அது புழுவின் உடம்புக்குள்ளேயே முட்டை இடும். அதிலிருந்து வரும் குஞ்சு, புழுவை உள்ளேயிருந்து தின்று வளரும். கேட்க ஒரு மாதிரியாகத்தான் இருக்கும். ஆனால் புழு அடங்கிப்போனது.

பிறகு நடந்ததைக் கவனமாகக் கேளுங்க. தேயிலைக்கு இன்னொரு எதிரி, வாதில் ஊசியால் குத்தின மாதிரி ஓட்டை போடுகிற சின்ன வண்டு. அந்த ஓட்டைக்குள்ளே பங்கசு வளர்த்துத் தானும் தின்று குஞ்சுகளுக்கும் கொடுக்கும். வண்டு கூட விவசாயம் பார்க்குது! வாது பலமிழந்து முறிந்துபோகும். இதை ஒழிக்க 1950களில் டீல்ட்ரின் என்ற மருந்தை அடித்தார்கள். அது வண்டோடு நிற்கவில்லை, குளவியையும் கொன்றது. இலைமேல் திரிவது குளவி. புழுவோ சுருட்டின இலைக்குள் பத்திரமாக இருக்கிறது. மருந்தின் வீரியமும் லேசில் போவதில்லை. தின்ன ஆளில்லாததால் புழு மறுபடி பெருகியது. வண்டுக்கு அடித்த மருந்து புழுவை வளர்த்துவிட்டது.

டீல்ட்ரினை 2001ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் உலக நாடுகள் ஒழிக்கவேண்டிய நஞ்சுகளில் சேர்த்தன. ஆனாலும் வேறு மருந்துகள் இருக்கின்றன. மலைக்கு அடித்து மிஞ்சினதைச் சோடாப் போத்தலில் ஊற்றிவந்து வீட்டுத் தோட்டத்துப் போஞ்சிக்கும் கோவாவுக்கும் அடிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பூச்சி சாகும், பூச்சியைத் தின்கிற பூச்சியும் சாகும். அந்தப் போத்தலைச் சோடா என்று நினைத்து ஒரு பிள்ளை எடுத்தால்? தயவுசெய்து அதை வீட்டுக்குக் கொண்டுவராதீங்க.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். அம்மாவிடம் சொல்லிப் புழு இருக்கிற சுருட்டின இலை நாலைந்து வாங்கி, ஜாம் போத்தலில் போட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டி வையுங்க. இடையிடையே புது இலை போடுங்க. வெளியே வருவது அந்துப்பூச்சியா, குளவியா என்று பார்த்து எழுதிக்கொண்டு வாங்க.