மகாத் குளத்துத் தண்ணீர்



மகாத் குளத்துப் போராட்டத்தின் ஞாபகார்த்தமாகக் கூடியிருக்கும் நாம், எதைக் கொண்டாடுகிறோம் என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சட்டத்தையா? அல்லவே அல்ல.

பொதுப் பணத்தில் ஏற்பட்ட குளம், கிணறு, பள்ளிக்கூடம் முதலியவைகளைத் தீண்டாதார் எனப்பட்டவர்களும் உபயோகிக்கலாம் என்று பம்பாய் சட்டசபை 1923-லேயே தீர்மானித்துவிட்டது. மகாத் முனிசிபாலிடியும் 1924-ல் தனது சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் செய்தது. அதனால் ஒருவருடைய நாக்காவது நனைந்ததா? மூன்று வருஷ காலம் தீர்மானம் தஸ்தாவேஜில் இருந்தது. தண்ணீர் குளத்தில் இருந்தது. மாடுகள் மாத்திரம் தாராளமாய்க் குடித்தன!

1927-ம் வருஷம் மார்ச்சு மாதம் 20-ந் தேதி தோழர் அம்பேத்கார் முன்செல்ல, ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலமாகப் போய் அத்தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார்கள். அவர்கள் செய்த குற்றம் இவ்வளவேயாகும். உடனே, கோவிலுக்குள்ளும் நுழையப் போகிறார்கள் என்று புரளி கிளப்பி, வந்திருந்த பிரதிநிதிகளைத் தடிகொண்டு அடித்தார்கள். பிறகு குளம் தீட்டாகிவிட்டதென்று சொல்லி, பால், தயிர், சாணி, மூத்திரம் இவைகளை 108 குடங்களில் கொண்டுவந்து கொட்டிச் "சுத்தி" செய்தார்கள். மனிதன் கை பட்டால் தீட்டாம். மாட்டு மூத்திரம் பட்டால் சுத்தமாம்! இதைவிட மானக்கேடு ஒரு தேசத்துக்கு வேறு வேண்டுமா?

அவ்வருஷம் ஆகஸ்டில் முனிசிபாலிடி தன் தீர்மானத்தையே ரத்து செய்தது. டிசம்பரில் கோர்ட்டுத் தடையுத்தரவும் வந்தது. அதற்கும் தளராமல் மறுபடி அங்கு கூடியவர்கள், டிசம்பர் 25-ந் தேதி, இவ்வளவுக்கும் ஆதாரமாகிய மனுதர்மத்தை நெருப்பிலிட்டார்கள். அத்தீர்மானத்தைப் பிரேரேபித்த சகஸ்ரபுத்தே என்பவர் பிறப்பால் பிராமணர். ஆகவே அவர்களுடைய சண்டை ஆட்களோடல்ல, முறையோடு என்பது விளங்கும். கடைசியாக 1937 மார்ச்சு 17-ந் தேதிதான், தடுக்கும் வழக்கம் தொன்றுதொட்டு இருந்ததாக ருசுவாகவில்லையென்று பம்பாய் ஹைக்கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு கைத் தண்ணீருக்குப் பத்து வருஷம்!

1950-ல் அமலுக்கு வந்த அரசியல் சட்டம் தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்லுகிறது. சந்தோஷந்தான். ஆனால், சட்டம் தானாக நடந்துவந்து கிணற்றில் வாளியை விடாது. அதற்கு மனிதன் கைதான் வேண்டும். வருஷத்துக்கொருமுறை படத்துக்கு மாலை போட்டுவிட்டுக் கலைந்து போவோமானால், அப்படமும் ஒரு விக்கிரகமாகிவிடும். ஆதலால் தோழர்களே, அவரவர் ஊருக்குப் போனதும், எந்தக் கிணற்றில், எந்தக் கடையில், எந்தச் சுடுகாட்டில் யாருக்கு இடமில்லை என்று விசாரியுங்கள். இடமில்லாதவர்களோடு சேர்ந்து அங்கு போய் நில்லுங்கள். மகாத்தைக் கொண்டாடுவதென்பது இதுதான்.