வெட்ட மனம் வராத பட்ஜெட்



அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலைக்கு வருவாய்ப் பற்றாக்குறை என்று பெயர். அதை 2008 மார்ச்சுக்குள் ஒழிப்பதாக மத்திய அரசு 2003-ல் சட்டமே இயற்றியது. பிறகு கெடுவை ஒரு வருஷம் தள்ளினார்கள். 2018-ல் அந்த இலக்கையே சட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள்.

காரணம் எளிது. மானியத்தை வெட்டினால் இழப்பவர் ஓட்டில் காட்டிவிடுவார். மிச்சமாகும் பணமோ யார் கண்ணிலும் படாது. நன்றி சொல்ல ஆளில்லை.

2024-25 பட்ஜெட்டில் சுமார் 48 லட்சம் கோடி ரூபாய்ச் செலவில் வட்டி மட்டும் 11.6 லட்சம் கோடி. கடனை அடைக்கப்போகும் நம் பேரக்குழந்தைகளுக்கு இன்று ஓட்டு இல்லை.

வரிச்சலுகை கேட்பதில் நாமும் சளைத்தவர்களல்ல. நமக்கு வரும் சலுகைகளில் எதை விடத் தயார் என்று முதலில் நாம் சொல்வோம், பிறகு எம்.பி.யிடம் கணக்குக் கேட்போம்.